இரண்டு முறை தூக்கிய அட்டை

மூன்று வருடத்துக்கு முன்பு, திண்டுக்கல் பக்கத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் அரசியலும் சர்வதேச உறவுகளும் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தபோது நடந்தது இது. சொன்னால் சிரிப்பீர்கள். எனக்கே இப்போது கொஞ்சம் சிரிப்பு வருகிறது.

வடமதுரையிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருவேன். வகுப்பில் மொத்தம் இருபத்தொரு பேர். விடுதியில் தங்கியிருந்த பத்துப் பேர் ஒரு கூட்டம். திண்டுக்கல் டவுன் பிள்ளைகள் பத்துப் பேர் இன்னொரு கூட்டம். மிச்சம் நான். யாரும் என்னை ஒதுக்கவில்லை, கூப்பிடவும் இல்லை. மதியம் டிபன் பாக்ஸோடு நூலகத்துக்குப் பின்னால் இருந்த சிமென்ட் பெஞ்சுக்குப் போய்விடுவேன். தனியாக இருப்பது தெரியக் கூடாது என்று, படிக்கிற மாதிரி ஒரு புத்தகத்தை விரித்து வைத்துக்கொள்வேன். வீட்டிலும் பேச வழியில்லை. அணிசேராக் கொள்கை பற்றி ஆசையாக ஆரம்பித்தால், "அதெல்லாம் கெடக்கட்டும், எந்தக் கட்சியில சேரப் போற?" என்பாள் அம்மா.

இரண்டாம் செமஸ்டரில் வகுப்பையே ஐ.நா. மாதிரி ஓர் உலக சபையாக நடத்தினார்கள். ஆளுக்கொரு நாடு. எனக்கு வந்தது கடலும் இல்லாத, எண்ணெயும் இல்லாத ஒரு குட்டி நாடு. விவாதம், பல நாடுகள் வழியாக ஓடும் ஓர் ஆற்றின் தண்ணீரைப் பங்கிடுவது பற்றி. விடுதிக்காரர்கள் தீர்மானம் கொண்டுவந்தார்கள். டவுன்காரர்கள் எதிர்த்தார்கள். ஜெயிக்கிற பக்கத்துக்கு இன்டர்னலில் கூடுதல் மார்க். பத்துக்குப் பத்து என்று நின்றதும்தான் இரண்டு பக்கத்துக்கும் என் ஞாபகம் வந்தது.

விடுதிக் கூட்டத்துக்குத் தலைவி மாதிரி இருந்தவள் தொப்பம்பட்டிப் பெண். மூன்று நாள் தொடர்ந்து மதியம் என் பெஞ்சுக்கு வந்து உட்கார்ந்தாள். அவள் ஊரைப் பற்றிச் சொன்னாள், என் ஊரைப் பற்றிக் கேட்டாள். கடைசியில்தான் ஓட்டைக் கேட்டாள். நான் சரி என்றேன். சனிக்கிழமை டவுன் பிள்ளைகள் என்னைப் பிரியாணிக் கடைக்குக் கூட்டிப் போனார்கள். ஒரே மேஜையைச் சுற்றி அத்தனை பேர் நெருக்கியடித்து உட்கார்ந்து, நடுவில் என்னையும் உட்காரவைத்து, ஒருத்தன் என் இலையில் அவனுடைய கறித்துண்டை வைத்தான். அவர்களுக்கும் சரி என்றேன்.

ஓட்டெடுப்புக்கு முன்பு இப்படிப் போன பத்து நாளும் நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்று சொல்லி மாளாது. யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை. இல்லை என்று சொன்னால் எழுந்து போய்விடுவார்களே என்று பயம், அவ்வளவுதான்.

ஓட்டெடுப்பு நாளும் வந்தது. ஆதரிப்பவர்கள் தங்கள் நாட்டின் பெயர் எழுதிய அட்டையைத் தூக்கலாம் என்றார் பேராசிரியர். தொப்பம்பட்டிக்காரி திரும்பி என்னைப் பார்த்தாள். தூக்கிவிட்டேன். எதிர்ப்பவர்கள் என்றார். பக்கத்துப் பெஞ்சுகளில் இருந்து பிரியாணிக் கூட்டம் மொத்தமும் என்னைப் பார்த்தது. கை தானாக மறுபடியும் மேலே போனது.

பேராசிரியர் எண்ணிப் பார்த்தார். பதினொன்று, பதினொன்று. இருப்பது இருபத்தொரு பேர், ஓட்டு எப்படி இருபத்திரண்டு வரும் என்று மறுபடி எண்ணினார். நான் எழுந்து நின்றேன். "ரெண்டு பக்கத்துக்கும் ஓட்டுப் போடுறேன்னு சொல்லிட்டேன் சார்" என்றேன். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. என் ஓட்டு செல்லாது என்று எழுதினார்கள். பத்துக்குப் பத்து, பெரும்பான்மை கிடைக்காததால் தீர்மானம் தோற்றது.

மறுநாளிலிருந்து இரண்டு கூட்டமும் என் பக்கம் வரவில்லை. ஜெயித்தவர்களுக்கு நான் தேவையில்லை, தோற்றவர்களுக்கு என்னை ஆகாது. பழைய பெஞ்ச்தான், ஆனால் பழைய மாதிரி உட்கார முடியவில்லை. பாதிச் சோற்றைக் காக்காய்க்குப் போட்டுவிட்டு வருவேன்.

ஒரு வாரம் கழித்து, மதியம், தொப்பம்பட்டிப் பெண் வந்து நின்றாள். திட்டப் போகிறாள் என்று டிபன் பாக்ஸை மூடினேன்.

"எனக்கு இன்னும் கோவமாத்தானுங்க இருக்குது" என்றாள். "முடியாதுன்னு அன்னிக்கே சொல்லியிருக்கலாமல்ல?"

"சொன்னா நீங்க சாப்பிட வர மாட்டீங்கன்னு நெனச்சேன்" என்றேன்.

அவள் நான் மூடி வைத்த டிபன் பாக்ஸைப் பார்த்தாள். பிறகு, "இப்ப உங்ககிட்டக் கேட்டு வாங்கறதுக்கு ஒண்ணுமே இல்லீங்க. சும்மா உக்காந்துக்கட்டுமா?" என்றாள்.

நகர்ந்து இடம் விட்டேன். அன்றைக்கு நாங்கள் அதிகம் பேசவில்லை. அவள் அதன் பிறகு தினமும் வந்துவிடவும் இல்லை. வாரத்தில் ஒரு நாள், இரண்டு நாள் வருவாள். மற்ற நாட்களில் நான் தனியாகத்தான் சாப்பிட்டேன். ஆனால் விரித்து வைத்துக்கொள்ளப் புத்தகம் கொண்டுபோகவில்லை.

இப்போதும் யாராவது அன்பாக எதையாவது கேட்டால் 'சரி' என்று சொல்லத்தான் முதலில் வாய் துடிக்கிறது. முடியாததை முடியாது என்று சொல்லிப் பழகிக்கொண்டேன். சிலர் எழுந்து போகத்தான் செய்கிறார்கள். அந்தத் தனிமை, எவ்வளவு சந்தோஷமாக இருந்தும் நாலு பேர் நடுவில் பொய்யோடு உட்கார்ந்திருந்த அந்தப் பத்து நாள் அளவுக்கு என்னைத் தனியாக்கிவிடுவதில்லை.