ஊற்றிய கையும் சொன்ன வாயும்

எனக்கு வயது எண்பத்து நான்கு. ஆறு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். யார் வாசலிலும் போய்க் கை நீட்டியதில்லை. எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். அவசரமில்லை, மெதுவாகவே எழுதுகிறேன்.

வெள்ளைக்காரன் போன மறு வருஷம், ஐப்பசி மழை. ராயபுரத்தில் எங்கள் சந்தில் முழங்கால் அளவு தண்ணீர். என் தலைப்பிள்ளை பிறந்து மூன்றாம் நாள். காலையிலிருந்து பால் குடிக்கவில்லை. மதியத்துக்குள் உதடு நாவற்பழம் மாதிரிக் கறுத்துவிட்டது. மருத்துவச்சி வந்து பார்த்து, "சாமியாரைக் கூப்டுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். ஹார்பரில் மூட்டை தூக்கும் என் வீட்டுக்காரர் தண்ணீரில் இறங்கி மாதா கோவில் சாமியாரைத் தேடி ஓடினார். வீட்டில் நானும் மாமியாரும்தான்.

உயிர் போகிற ஆபத்தில் யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று ஞானோபதேச வகுப்பில் எனக்கும் சொல்லியிருந்தார்கள். அது இல்லாமல் போகிற பிள்ளைக்கு மோட்சம் கிடையாது, கல்லறையிலும் மந்திரித்த மண் கிடையாது, வேலியோரம்தான் புதைப்பார்கள் என்றும் சொல்லியிருந்தார்கள். தெரிந்தும் கை எழவில்லை. எங்கள் சந்தில் வீட்டிலேயே தண்ணீர் ஊற்றிய பிள்ளை பிழைத்து நான் பார்த்ததில்லை. ஊற்றினால் சாவுக்குச் சம்மதம் சொன்ன மாதிரி. ஊற்றாவிட்டால் அதைவிடக் கொடுமை.

"இன்னாடி குந்திகினு கீற? ஊத்துடி!" என்றார் மாமியார்.

"நீங்க ஊத்துங்க அத்தே."

"என் கை வாணாம். நா பெத்ததுல ரெண்டுக்கு இந்தக் கையாலதான் ஊத்துனேன். ரெண்டும் அன்னிக்கே பூட்ச்சி."

கடைசியில் பயத்தை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டோம். நான் செம்பிலிருந்து பிள்ளையின் தலையில் ஊற்றினேன். மாமியார் ஞானஸ்நான வார்த்தையைச் சொன்னார். பிள்ளை அழக்கூட இல்லை.

வீட்டுக்காரர் நனைந்துபோய்த் தனியாக வந்து நின்றார். "சாமியாரு இல்ல. திருவொத்தியூர்ல சீக்காளியப் பாக்கப் போய்கீறாரு."

"ஊத்தியாச்சுடா நைனா," என்றார் மாமியார். "அவ ஊத்துனா, நா சொன்னேன்."

வீட்டுக்காரர் முகம் செத்துப்போனது. "மாமியாளும் மருமவளும் பங்கு போட்டுக்க இது இன்னா வஞ்சிர மீனா? ஊத்துற ஆளேதான் சொல்லணும். இது செல்லாது!"

செம்புக்குக் கை நீட்டினார். நான் கொடுக்கவில்லை.

"பெத்தவ நானு. குடுக்கறவளும் நானே."

மடியில் பிள்ளையின் மூச்சு விட்டுவிட்டு வந்தது. ஊற்றிக்கொண்டே, "பிதா, சுதன்" என்றேன். மூன்றாவது, பரிசுத்த ஆவியின் நாமத்தில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. செம்பில் தண்ணீர் தீர்ந்துகொண்டு வந்தது. கடைசிச் சொட்டு விழுவதற்குள் "இஸ்பிரீத்துசாந்து நாமத்தாலே உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்" என்று சொல்லி முடித்தேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

பொழுது சாயும்போது சாமியார் வந்தார். சொன்னதை அப்படியே சொல்லச் சொன்னார். மூன்று நாமத்தையும் சொல்லிக் காட்டினேன்.

"செல்லும்," என்றார்.

"நிச்சயத்துக்கு நீங்க இன்னொரு தரம் ஊத்துங்க, சாமி."

"ஒரு தரம்தாம்மா. இனிமே இவன் கடவுளோட பிள்ளை. பொழைச்சா கோவிலுக்குத் தூக்கிட்டு வா, தைலம் பூசி மத்த சடங்கை முடிச்சிடலாம்."

அவன் பிழைத்தான். இப்போது தலை நரைத்துவிட்டது. எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள், என் பயம்தான் போகவில்லை. அவனுக்குச் சளி பிடித்தாலும், வேலைக்குப் போய்த் திரும்ப நேரமானாலும் ஜெபமாலையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். ஞானஸ்நானம் என்றால் பேர் வைக்கிறது, விருந்து போடுகிறது என்று நினைக்கிறார்கள். என் கையாலே, என் வாயாலே கடவுளுக்குக் கொடுத்துவிட்ட பிள்ளை அது. அவர் வந்து கேட்டால் இல்லை என்று எப்படிச் சொல்வேன்?

இதோ பேத்தி வந்துவிட்டாள்.

"தே, இப்டி வா. நா எழுதனத சத்தமா படி. எய்த்து தப்பா இருந்தா கெடக்கட்டும், நாமம் மூணும் சரியா கீதான்னு மட்டும் பாத்து சொல்லு."