துடுப்பில் எட்டுப் பொட்டு

இன்று குளுவாங் நகரத்து மரச்சாமான் கடையில் ஆளிவிதை எண்ணெயின் வாடை வந்ததும், செடெனாக்கில் இப்போது செம்பனை மரங்கள் நிற்கும் இடத்தில் அன்று இருந்த தோட்டத்து பங்களாவும், அதன் கூடத்துச் சுவரில் கிடையாகத் தொங்கிய நீளத் துடுப்பும் நினைவுக்கு வந்தன. பங்களாவில் இருந்த வெள்ளைக்காரத் துரை இளமையில் தன் சீமைக் கல்லூரிக்காக வலித்த துடுப்பு அது. அதன் அகன்ற முனையில், அவரையும் சேர்த்துப் படகு வலித்த எட்டுப் பேரின் பெயர்கள் தங்க எழுத்தில் இருந்தன. பங்களாவைக் கூட்டித் துடைத்த என் அம்மா வாரந்தோறும் அதற்கு எண்ணெய் தடவுவாள். பந்தயத்தில் வென்ற நாளன்று ஆண்டுதோறும் மேசையில் எட்டுத் தட்டுகள் வைக்கப்படும்; நண்பர் ஒருவர் இறந்ததாகக் கடிதம் வந்தால், அந்த வருடம் ஒரு தட்டு குறையும்.

ஏழாவது கடிதமும் வந்த வருடம், அம்மா இறந்தவர் படத்துக்குச் செய்வதுபோல் துடுப்புக்கு மாலை போட்டு, எட்டுப் பெயர்களுக்கும் சந்தனப் பொட்டு வைத்துவிட்டாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது.

சமையற்காரர் பார்த்துவிட்டு, "என்னா புள்ள, தொரையையும் சேத்து அனுப்பிட்டியே," என்றார்.

அம்மா ஈரத்துணியோடு ஓடினாள். துரை எங்கள் தமிழிலேயே தடுத்தார்.

"அழிக்காத. சரியாத்தான் வச்சிருக்க."

பிறகு, மேசையில் மிஞ்சியிருந்த ஒரே தட்டையும் எடுத்துவிடச் சொன்னார்.