சிரிக்க ஆள் பிடித்த கதை

நாடகத்தில் நடிக்கிறவனுக்குக் கைதட்டல் கிடைக்கும், எழுதுகிறவனுக்குப் பெயர் கிடைக்கும். 'வாங்க, வந்து சிரிங்க' என்று தெருத்தெருவாகக் கூப்பிடுகிறவனுக்கு என்ன கிடைக்கும் என்று என்னைக் கேளுங்கள். மெர்டேக்கா என்கிற சுதந்திரம் மலாயாவுக்குக் கிடைத்த மறுவருஷம், மலாக்கா காஜா பெராங்கில் நாங்கள் ஆறு பேர் ஒரு சிரிப்பு மன்றம் நடத்தினோம். அதற்கு விளம்பரம் நான். பகலில் சைக்கிள் கடையில் வேலை. சாயங்காலம் மானம் போகிற வேலை.

எங்கள் ஊர்ச் சங்க மண்டபத்தில்தான் நாடகம் போடுவோம். முந்தின இரண்டு நாடகத்துக்கும் பாதி பெஞ்சு காலி. மூன்றாவதும் அப்படியென்றால் மண்டபத்தைப் பூப்பந்து ஆடுகிறவர்களுக்குக் கொடுத்துவிடுவேன் என்று சங்கத் தலைவர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். மண்டபம் போனால் மன்றமும் போச்சு, எங்களுக்கு வேறு இடம் கிடையாது. அந்த மூன்றாவது நாடகம் 'குடைக்கார மாப்பிள்ளை'. அதற்கு நான் ஆள் பிடித்த பாட்டைத்தான் சொல்லப்போகிறேன். உங்களில் யாராவது ஒரு கல்யாணப் பத்திரிகையாவது வீடு வீடாகக் கொடுத்திருந்தால் என் வயிற்றெரிச்சல் விளங்கும்.

சிரிப்புக்கு முத்திரை

காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்காக வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம் அப்போது இன்னும் முடியவில்லை. நாலு பேர் கூடவும் அனுமதி வேண்டும், நாலு வரி அச்சடித்துக் கொடுக்கவும் அனுமதி வேண்டும். போலீஸ் நிலையத்தில் இருந்த சார்ஜன் நம்ம தமிழ் ஆள்தான். நாடகத்தில் என்ன இருக்கிறது, சொல்லு என்றார். மேசைக்கு முன்னால் நின்று முழுசாக நடித்தே காட்டினேன். மாப்பிள்ளை பெண் பார்க்கப் போன வீட்டிலும் குடையை விரித்தபடியே உட்கார்ந்திருப்பான். பெண்ணின் அப்பா, கூரை ஒழுகுகிறதோ என்று அண்ணாந்து பார்ப்பார். ஒத்திகையில் நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த இடம் அது.

அங்கே ஒருத்தர் உதடு அசைய வேண்டுமே! பக்கத்து நாற்காலிக்காரர் கொட்டாவி விட்டார். வேர்த்து விறுவிறுத்து நான் முடித்ததும் சார்ஜன் முத்திரையை எடுத்துக் குத்தினார். "ஆட்சேபிக்க ஒண்ணுமில்ல, சிரிக்கவும் ஒண்ணுமில்ல. தாராளமா நடத்துங்க."

நோட்டீஸ் போன வழி

செமாபோக் பக்கம் கச்சாங் பூத்தே விற்கிற கடலைக்காரர் ஒருவர் இருந்தார். தலையில் தட்டை வைத்துக்கொண்டு ஊர் முழுக்கச் சுற்றுகிறவர். இவரை விட்டால் வேறு யார் என்று ஒரு கட்டு நோட்டீஸைக் கொடுத்து, கடலை வாங்குகிற ஆளுக்கு ஒன்று கொடுங்கள் என்று கும்பிடாத குறையாகக் கேட்டுக்கொண்டேன். அவரும் சரி என்று தலையாட்டினார்.

இரண்டு நாள் கழித்துப் பார்த்தால், ஆளுக்கு ஒன்று கொடுத்துக்கொண்டுதான் இருந்தார். கூம்பாகச் சுருட்டி, உள்ளே கடலை போட்டு, அச்சு முழுக்க உள்பக்கம் போகிற மாதிரி! கடலையைத் தின்று முடித்தவன் கசக்கித் தூக்கிப்போடுகிறான். தெருவெல்லாம் எங்கள் மாப்பிள்ளை எண்ணெய்க் கறையோடு கிடக்கிறான். நான் கத்தினேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை. "கோவிச்சுக்காதீங்கண்ணே, தாளு நல்ல தடிப்பு. அடுத்த நாடகம் எப்ப போடப்போறீங்க?"

முன்வரிசை

நம்ம சனங்களிடம் டிக்கட்டு விற்றுப் பார்த்தால்தான் தெரியும். மளிகைக்கடைக்காரர், என் கடையில் உன் நோட்டீஸை ஒட்டவிட்டேனே, குடும்பத்தோடு சும்மா விடு என்றார். முடிவெட்டுகிறவர், ஒரு சிரிப்பு சொல்லு, சிரிப்பு வந்தால் வாங்குகிறேன் என்றார். சொன்னேன். சிரித்தார். அதுதான் கேட்டாச்சே, இனி எதற்கு டிக்கட்டு என்றார். எனக்கு வந்த கோபத்தில் பாதித் தலையோடு எழுந்து வந்துவிட்டேன்.

அப்படியே சைக்கிளை மிதித்து, மலாக்காச் செட்டிகள் குடியிருக்கிற செட்டி கம்பத்துக்குள் போனேன். அங்கே சாமி நம்ம சாமி, பேச்சு மட்டும் மலாய். பிபிக் என்று எல்லோரும் கூப்பிடுகிற ஒரு பெரியம்மா வாசலில் இருந்தார். முன்வரிசை முழுக்கத் தனக்கே வேண்டும் என்றார். எனக்கு மனசு கேட்கவில்லை. முழுக்கத் தமிழ் நாடகம் பிபிக், உங்களுக்கு விளங்காது என்று உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் மலாயில் சொன்னதை அப்படியே தமிழில் தருகிறேன். "பேச்சு விளங்காட்டி என்ன, மூஞ்சி விளங்கும். டிக்கட்டக் கொடு."

குடை வேறு, மீசை வேறு

ஒரு வரிசை போதுமா? செங் பக்கத்து ரப்பர் தோட்டத்துச் சனம் வந்தால்தான் மண்டபம் நிறையும். அவர்கள் வர லாரி வேண்டும். துரையிடம் லாரி கேட்டுக் கொடுக்க வேண்டியவர் தோட்டத்தில் கணக்கெழுதுகிற கிராணியார். அவரோ லாரி கிடையாது என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஏன் என்று கேட்க ஓடினேன். எங்கள் நோட்டீஸ் அவர் மேசைமேல் இருந்தது. அதில் முறுக்கு மீசையும் விரித்த குடையுமாக மாப்பிள்ளை. நிமிர்ந்து பார்த்தேன். முறுக்கு மீசையும், சுவரில் மாட்டிய குடையுமாகக் கிராணியார்.

அட கடவுளே! அந்த மனிதர் ஒருவர் இருப்பதே எங்களில் ஒருத்தருக்கும் தெரியாது. மாரியம்மன் மேல் சத்தியம் செய்தேன். ஊரே என்னைப் பார்த்துச் சிரிக்கவா நான் லாரி கொடுக்க வேண்டும் என்று குதித்தார். இரண்டு மணி நேரம் நின்று கெஞ்சியதில் ஒரு வழியாக இறங்கி வந்தார். "குடை எல்லாரும் பிடிக்கிறதுதான். மீசை அப்படியில்ல. அத எடுத்தா லாரி வரும்."

கோபாலின் தியாகம்

மாப்பிள்ளை வேஷம் கோபாலுக்கு. ஒட்டு மீசை வேண்டாம் என்று மூன்று மாதமாக நெய் தடவி வளர்த்த சொந்த மீசை அது. நான் விஷயத்தைச் சொன்னதும் என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டான். சம்பந்தமே இல்லாத ஒருவருக்காக இவன் ஏன் சிரைக்க வேண்டும்? நியாயம் அவன் பக்கம்தான், எனக்கும் கொதித்தது. ஆனால் மண்டபம் போய்விடுமே! மற்ற நாலு பேரும் கைகூப்பிய பிறகு கத்தியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனான். திரும்பி வந்தபோது எனக்கே அவனை அடையாளம் தெரியவில்லை. "ஒரு பெஞ்சு காலியா இருந்துச்சுன்னா, அடுத்தது உன் தல."

கிராணியாரின் மனக்குறை

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு நாடகம். இரண்டு லாரி நிறையச் சனம் வந்து இறங்கியது. பெஞ்சு போதாமல் சுவரோரம் நின்றார்கள். சங்கத் தலைவரே தன் நாற்காலியை யாருக்கோ கொடுத்துவிட்டு, அடுத்த மாதத்துக்கும் மண்டபம் உங்களுக்குத்தான் என்று என் காதில் சொன்னார். முன்வரிசையில் பிபிக் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். கிராணியார் மட்டும் சிரிக்கவேயில்லை. ஒவ்வொரு காட்சியையும் பரீட்சைத் தாள் திருத்துகிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

முடிந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். எதையோ கண்டுபிடித்துவிட்டார், தொலைந்தோம் என்று போனேன். முகம் வாடியிருந்தது. "மீசைய எடுக்கச் சொன்னா இப்படிச் சுத்தமாவா எடுப்பீங்க? நான் எப்ப வருவேன்னு ரெண்டு லாரி சனமும் பார்த்துக்கிட்டு இருந்துச்சு. ஒரு எடத்துலயும் என்னைக் காணோமே தம்பி."

அடுத்த நாடகத்தில் அவரையே போட்டுவிடலாம் என்று மன்றத்தில் பேச்சு வந்தபோது, விளம்பரத்துக்கு வேறு ஏமாளியைப் பாருங்கள் என்று கதவைச் சாத்திக்கொண்டு வந்த நான்தான், மறுநாள் சாயங்காலமே நோட்டீஸ் ஒட்டப் பசை காய்ச்சிக்கொண்டிருந்தேன்.