ஏழாவது குழாய்க்கு ஒன்பது நிமிஷம்

ஆய்வக உதவியாளருக்குக் கண்ணும் கையும் இருந்தால் போதும், வாய் வேண்டியதில்லை. என்னைப் போலக் குழாய் கழுவியே ஓய்வு பெற்றவர்களுக்கு இது தெரியும். எட்டாம் வகுப்போடு நின்ற கூச்சக்காரனான எனக்கு அது வசதியாகவே இருந்தது.

குமிழ்

தொண்ணூறுகளின் நடுவில் பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியின் வேதியியல் துறையில் இருந்தேன். மேலப்பாளையத்துப் பிள்ளை சபியா, ஆராய்ச்சி மாணவி, நாலு வருஷம் பாடுபட்டு ஒரு மஞ்சள் மூலக்கூறு செய்திருந்தாள். அதன் ஒரு பாதி எலக்ட்ரானைக் கொடுக்கும், மறுபாதி வாங்கும். வெளிச்சம் பட்டால்தான் இது நடக்கும். எலக்ட்ரான் திரும்பி வரும்போது மூலக்கூறு 'டிரிப்லெட்' என்ற நிலையில் சற்றுத் தங்கும் என்பது அவள் கணிப்பு. ஆக்சிஜன் இருந்தால் அந்த நிலை உடனே அணைந்துவிடும். அதனால் ஊசி வழியாகக் கரைசலுக்குள் நைட்ரஜனைக் குமிழ் குமிழாக விட்டு, காற்றை வெளியேற்ற வேண்டும். குழாய்க்கு இருபது நிமிஷம். அது என் வேலை.

இயற்பியல் துறை உதவியாளர் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "குமிழ் விட்டே பென்ஷன் வாங்கிருவீரு போலிருக்கே வே!"

சிலிண்டர்

டிரிப்லெட்டைக் காட்டும் லேசர் மதுரைப் பக்கம் ஓர் ஆய்வுக்கூடத்தில் இருந்தது. எங்களுக்குக் கிடைத்தது ஒரே ஒரு பிற்பகல். அன்றைக்குத் தெரியாவிட்டால் அந்த மூலக்கூறைக் கைவிட வேண்டியதுதான் என்று சபியாவின் வழிகாட்டிப் பேராசிரியர் சொல்லிவிட்டார்.

புறப்படும் நாள் காலையில் ஆறு குழாய்களுக்கு முழுசாக விட்டேன். ஒன்று வெறும் கரைப்பான், ஐந்து ஒப்பிட்டுப் பார்க்க. ஏழாவதில்தான் சபியாவின் மூலக்கூறு. ஒன்பதாம் நிமிஷத்தில் குமிழ் நின்றது. சிலிண்டர் காலி. வாசலில் பேராசிரியர் பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று சத்தம் போட்டார். ரப்பர் மூடிமேல் மெழுகைப் பூசிவிட்டேன். எல்லாவற்றுக்கும் இருபதுதானே என்று சபியா கேட்டதற்குத் தலையை ஆட்டினேன்.

"நீங்க எண்ணினா சரியாத்தான் அண்ணாச்சி இருக்கும்."

சோதனை

ஊரில் கலவர நேரம். தச்சநல்லூரில் போலீஸ் பஸ்ஸை நிறுத்தி எங்களை இறக்கியது. கறுப்புத் தாள் சுற்றிய குழாய்களைப் பார்த்ததும் ஏட்டு, "பிரிச்சுக் காட்டும்வே" என்றார். வெயில் பட்டால் சரக்கு கெட்டுப்போகும். வாய் பேசாமல் வெறும் கரைப்பான் இருந்த ஒன்றாம் குழாயைப் பிரித்து நீட்டினேன். அவர் அதை வெயிலில் தூக்கிப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் நாற்பது வரை எண்ணிவிட்டேன்.

"வெளிச்சத்துக்குப் பயப்படுத சாமான இப்பத்தான் பாக்கேன். ஏறுங்க, ஏறுங்க."

திரை

ஆறு குழாய்களும் முடிந்தன. ஏழாவதில் திரையின் பச்சைக் கோடு எழும்பிய வேகத்திலேயே விழுந்தது. "ஒண்ணுமில்லம்மா" என்று பேராசிரியர் நோட்டை மூடினார். சபியா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். எங்களுக்குக் கொடுத்த நேரத்தில் இன்னும் அரை மணி பாக்கி.

"ஏழாவதுக்கு ஒன்பது நிமிஷந்தான் விட்டேன், சார். கேஸ் தீந்துபோச்சு. பொய் சொல்லிட்டேன்."

லேசர்க்காரர் மூலையில் இருந்த சிலிண்டரைக் காட்டினார். கடிகாரத்தைப் பார்த்து இருபது நிமிஷம் விட்டேன். இந்தத் தடவை கோடு சட்டென்று விழவில்லை. பையப் பைய இறங்கியது. டிரிப்லெட் தங்கியிருந்தது. பேராசிரியர் நோட்டைத் திறந்தார். சபியா திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்:

"சந்தோசமாத்தான் இருக்கு அண்ணாச்சி. ஆனா இனிமே குமிழ நானே விட்டுக்கிடுதேன்."

முப்பத்தோரு வருஷ உத்தியோகத்தில் யாரும் கேட்காமல் நான் வாய் திறந்தது அந்த ஒரு தடவைதான். அத்தோடு ஏழு குழாய்க்கு இரண்டு மணி இருபது நிமிஷ வேலை குறைந்தது.