ஸ்டாண்டில் உப்பிய போன்

ஆரணியில் வீட்டிலிருந்தபடியே மொபைல் ஆப் எழுதுகிறேன். ஆப்பைச் சோதிக்கும் பழைய போன், மேஜை ஸ்டாண்டில் நாள் முழுக்கச் சார்ஜரிலேயே இருக்கும். சில வாரங்களாக அது ஸ்டாண்டின் பிடியிலிருந்து நழுவிக்கொண்டே இருந்தது. பிடி தளர்ந்துவிட்டதென்று நினைத்து, ரப்பர் பேண்டால் இறுக்கிக் கட்டினேன்.

அதே அறையில் பட்டு நெய்யும் என் மனைவி, “இன்னாங்க, போன் முதுகு உப்பிகினு கீதே,” என்றாள்.

“ஸ்டாண்டுதான் லூசு. டெஸ்ட் ஓடிகினு இருக்குது, தொடாத,” என்றேன்.

மறுநாள் பகலில் நான் டீக்கடைக்குப் போயிருந்த நேரத்தில் பேட்டரி வெடித்துத் தீப்பிடித்தது. தறியில் பாதி நெய்த புடவை இருந்தது. அதில் பொறி விழுந்துவிடுமென்று, எரிகிற போனை ஸ்டாண்டோடு வெறுங்கையால் பிடித்து வாசலில் எறிந்திருக்கிறாள்.

இப்போது வேறொரு பழைய போனில் சோதிக்கிறேன்; டெஸ்ட் முடிந்ததும் சார்ஜரைப் பிடுங்கிவிடுகிறேன். தினமும் காலையில் போனைக் கழற்றி அதன் முதுகைத் தடவிப் பார்க்கிறேன். கொஞ்சம் மேடு தட்டுப்பட்டாலும் அதை மறுபடி பயன்படுத்த மாட்டேன்.

அவள் கை ஆறிவிட்டது. ஆனால் தறியில் இழை அறுந்தால், பிணைக்க என்னைக் கூப்பிடுகிறாள்.

“நூல் விரல்ல கீதா இல்லையான்னே தெரியலைங்க,” என்கிறாள்.