பெயரைச் சொன்ன பிறகுதான் பாட்டு

லண்டன் வெம்பிளியில் எங்கள் தமிழ்ச் சங்கம் நடத்திய பல்லின விழாவில்தான் அந்தச் சோமாலியப் பெண்மணியைக் கண்டேன். நல்ல உயரம், ஆரஞ்சு நிறச் சால்வை, மருதாணியில் கறுத்த விரல்நுனிகள். மேடையேறியதும் உள்ளங்கையை நெஞ்சில் வைத்து, தான் பாடப்போகும் கவிதையைக் கட்டிய பெண்ணின் பெயரைச் சொன்னார். பிறகு, அதைத் தனக்குப் பாடிக்காட்டியவரின் பெயர். வாய்வழி வந்த கவிதைக்கு அதுதான் முறையாம்.

எங்கள் அறிவிப்பாளருக்குப் பொறுக்கவில்லை.

"உந்தப் பேருகளை ஆர் அண்ணை கேட்டது?" என்று என்னிடம் சிடுசிடுத்துவிட்டு, "நேரே பாட்டுக்கு வாருங்கள்" என்று அவரிடம் ஆங்கிலத்தில் சொன்னார். சற்று முன்புதான் அதே மனிதர், குளிர்பானம் தந்த கடைக்காரர் முதல் உட்காரக் கதிரை அடுக்கியவரின் மச்சான் வரை பெயர் பெயராக நன்றி சொல்லி முடித்திருந்தார்!

"பெயர் சொல்லாமல் பாடினால் அது களவு" என்று ஆங்கிலத்திலேயே திருப்பிச் சொன்னார் அந்தப் பெண்மணி. மறுபடியும் முதலிலிருந்து இரண்டு பெயர்களையும் சொல்லிவிட்டே பாடினார். முன்வரிசையிலிருந்த சோமாலியப் பெண்கள் கைதட்டித் தாளம் போட, மண்டபமே அதிர்ந்தது.

அவர் இறங்கியதும் அறிவிப்பாளர் மைக்கைப் பிடித்தார்.

"அருமையான நாட்டார் பாட்டு. கட்டினது ஆரெண்டு தெரியாது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இப்பதானே ரெண்டு தரம் சொன்னவ! உமக்குக் காது கேக்காதோ?" என்று எல்லாரும் திரும்பிப் பார்க்கக் கத்தினேன். தமிழில் கத்தியது அந்தப் பெண்மணிக்கு எப்படி விளங்கும்? சால்வையைச் சரிசெய்துகொண்டு வெளியே போய்விட்டார்.

அந்தப் பாட்டின் பொருள் எனக்கு இன்றுவரை தெரியாது. கட்டியவரின் பெயர் தெரியும்.