பதினாலாவது முடிச்சு

எங்களுக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம் பிள்ளை இல்லை. தோட்டத்து வரிசை வீடான லயத்தில் எல்லோரும் என் பெண்சாதியைத்தான் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். என் மாட்டு வண்டிக்கும் அதில் பங்கு உண்டு என்பது பிறகுதான் தெரிந்தது.

அப்போது ரயில் பண்டாரவளையோடு நின்றுவிடும். பதுளைப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. நமுனுகுல மலையிலிருந்த எங்கள் தோட்டத்துத் தேயிலைப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு, தெமோதரை, எல்ல ஊர்கள் வழியாக மேடேறிப் போய் ரயிலடியில் இறக்குவோம். திரும்பும்போது அரிசி மூட்டை. அங்கே காத்துக் கிடப்பதையும் சேர்த்தால் போய் வர ஒரு வாரம் ஆகிவிடும். எல்லக் கணவாயில் காற்று அடித்தால் மாடு காதை மடக்கிக்கொண்டு நின்றுவிடும். என் வலத்து மாட்டுக்கு அந்த இடத்தில் மூத்திரம் பெய்யாமல் நகரக் கூடாது என்று ஒரு பிடிவாதம். எத்தனை அடித்தாலும் சரி. மாட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது.

என் பெண்சாதி கொழுந்து எடுத்தாள். லயத்தில் குடும்பத்துக்கு ஒரு அறை, ஒரு காம்பரா. எங்கள் காம்பராவுக்கு அடுத்ததில் என் அக்கா இருந்தாள். அவளுக்கு ஐந்து பிள்ளைகள். அதனால் பிள்ளை விஷயத்தில் அவள் சொன்னதுதான் சட்டம்.

"தலைக்கு ஊத்துன நாள்லேர்ந்து பத்து நாள்டா தம்பி. அந்தப் பத்து நாளும் வண்டியத் தொடாத. அதுக்கப்பறம் நீ வீட்ல இருந்தாலும் ஒண்ணுதான், ரோட்ல கெடந்தாலும் ஒண்ணுதான்."

அவள் சொன்னபடியே நடந்தேன். என் பெண்சாதி தூரமாகி நாலாம் நாள் தலை முழுகினால், என் முறையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டு வீட்டில் இருப்பேன். பத்து நாள் முடிந்ததும் அவர் முறையையும் சேர்த்து நானே ஓட்டுவேன். வண்டிக்காரர்களுக்கு இது தெரிந்துபோயிற்று. "இவன் பொண்டாட்டி தலைக்கு ஊத்துற நாளப் பாத்துத்தான்யா தொரை தேயில அனுப்பணும்" என்று சிரிப்பார்கள்.

மற்ற பெண்களுக்கு மாதம் ஒரு முறை என்றால் ஒரு முறைதான். இவளுக்கு அப்படி இல்லை. ஒரு தடவை முப்பத்தைந்து நாள், அடுத்த தடவை ஐம்பது. ஒரு சமயம் இரண்டு மாதம் தாண்டியும் வரவில்லை. அக்கா லயம் முழுக்கச் சொல்லிவிட்டாள், முழுகாமல் இருக்கிறாள் என்று. முனியாண்டிக்குச் சேவல் அறுத்தோம். யாரோ புளி மாங்காய் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவளும் தின்றாள். அடுத்த வாரம் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போனவள், கொடுக்காமல் திரும்பி வந்தாள். லயத்துக்குப் பின்னால் தூரமான பெண்கள் உட்காரும் கொட்டகையில் போய் உட்கார்ந்தாள். ஐந்து காம்பராக் கதவிலிருந்தும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலாவது பரவாயில்லை.

அதற்குப் பிறகு அவள் அக்காவிடம் இந்தப் பேச்சே எடுப்பதில்லை. அடுப்புக்கு மேலே விறகுப் பரணில் ஒரு சணல் கயிறு தொங்க ஆரம்பித்தது. அதில் முடிச்சு முடிச்சாக இருந்தது. நடுவில் அங்கங்கே சிவப்புத் துணிக் கிழிசல், வெள்ளைத் துணிக் கிழிசல். ஏதோ நேர்த்திக்கடன் என்று நினைத்து நான் தொடவில்லை.

எங்களிடம் ஒரு பசு இருந்தது. ஒரு நாள் நான் வண்டி அச்சுக்கு மை போட்டுக்கொண்டிருந்தபோது, அவள் கொட்டிலிலிருந்து வந்தாள்.

"ஏங்க, பசு கத்துது. வழும்பு போடுது. இன்னைக்கே காளைக்குக் கொண்டு போங்க."

"நாளைக்குக் கொண்டு போறேன் புள்ள. மை பாதியில நிக்கிது."

"நாளைக்குப் போனா ஆவாது. ஒங்களுக்குத் தெரியாததா?"

தெரியாமல் என்ன? சின்ன வயதிலிருந்து மாட்டோடு கிடக்கிறவன். பசு பருவத்துக்கு வந்தால் கண்ணாடி மாதிரி வழும்பு வடியும். அன்றைக்கு விட்டால் விட்டதுதான். நான் கயிற்றை அவிழ்க்கப் போனேன். அவள் நகராமல் நின்றாள்.

"மாட்டுக்கு மட்டும் வழும்பப் பாத்துக் கொண்டு போறீங்க. எனக்கு மட்டும் பத்து நாளுன்னு எண்ணிக்கிட்டு ஒக்காந்திருக்கீங்க."

எனக்குக் கோபம் வந்தது. "மனுஷியும் மாடும் ஒண்ணா?"

"ரெண்டுக்கும் வயித்துலதான உண்டாகுது?"

உள்ளே போய் அந்தக் கயிற்றைக் கொண்டுவந்தாள். இரண்டு பேருக்கும் எழுத்துத் தெரியாது. இதைக்கூட நான் சொல்லச் சொல்ல இன்னொருவர்தான் எழுதுகிறார். ஆனால் முடிச்சு எண்ணத் தெரியும். ஒரு நாளைக்கு ஒரு முடிச்சு. தூரமான நாளில் சிவப்பு. தனக்கும் பசுவைப் போல வழுவழுவென்று கண்ட நாளில் வெள்ளை. ஒரு வருஷமாகப் போட்டு வைத்திருக்கிறாள்.

"செவப்புலேர்ந்து வெள்ளை வரைக்கும் எண்ணுங்க" என்றாள்.

எண்ணினேன். ஒரு இடத்தில் இருபத்தொன்று. இன்னொரு இடத்தில் முப்பத்தாறு. ஒன்றுக்கொன்று ஒட்டவில்லை.

"இப்ப வெள்ளைலேர்ந்து செவப்புக்கு எண்ணுங்க."

பதினாலு. அடுத்ததும் பதினாலு. ஒரே ஒரு இடத்தில் பதின்மூன்று. மற்றதெல்லாம் பதினாலு.

நான் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். ஒரு வெள்ளைகூட அக்கா சொன்ன பத்து நாளுக்குள் இல்லை. எல்லா வெள்ளையும் நான் பண்டாரவளை ரோட்டில் இருந்த நாள். வேண்டாத நாளில் வீட்டிலும் வேண்டிய நாளில் ரயிலடியிலும் ஆறு வருஷம் ஒழுங்காக இருந்திருக்கிறேன்.

"ஏன் புள்ள முன்னாடியே சொல்லல?"

"வெக்கமா இருந்துச்சு. ஒங்க அக்காவுக்குத் தெரிஞ்சா சிரிப்பாங்க."

அன்றைக்குப் பசுவைக் கொண்டுபோய்க் காளையிடம் விட்டு வந்தேன். அதற்கு உடனே சினை பிடித்துவிட்டது.

இனிமேல் வெள்ளை நாளில் நான் வீட்டில் இருக்க வேண்டும். அது எந்த நாள் என்று முன்கூட்டித் தெரியாது. என் பிழைப்போ ரோட்டில். கடைசியில் அவளே ஒரு வழி சொன்னாள். எங்கள் லயத்துக்குக் கீழே ஒரு பெரிய பாறை. வண்டி ரோடு வளைகிற இடத்திலிருந்து பார்த்தால் அது தெரியும். அந்த நாளில் அவள் தன் கறுப்புக் கம்பளியை அதில் விரித்துப் போடுவாள். காய்வதற்குப் போட்டது என்று மற்றவர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

முதல் தடவை அவள் கம்பளி போட்டபோது நான் எல்லயில் இருந்தேன். இரண்டாம் தடவை வீட்டிலேயே இருந்தேன். பதினாலு முடிச்சு ஆனதும் சிவப்பு வந்தது. அவள் அழவில்லை. ஒரு கிழிசலைக் கட்டிவிட்டு அடுப்பு மூட்டினாள்.

மூன்றாவது தடவை ஐப்பசி மழை. விடியுமுன்னே பெட்டி ஏற்றப் போய், மத்தியானத்துக்கு மேல் மூன்று வண்டி சுமையோடு கிளம்பினோம். வளைவுக்கு வந்தால் மலை முழுக்க மூட்டம். பாறை எங்கே என்றே தெரியவில்லை. நான் வண்டியை நிறுத்தினேன். பின்னால் வந்த வண்டிக்காரர், என் கூட்டாளி, குரல் கொடுத்தார்.

"ஏண்டா மாப்ள நிப்பாட்டிட்ட? லாடம் கழண்டு போச்சா?"

"மூட்டம் வெலகட்டும் மச்சான்."

"மூட்டத்துக்கும் ஒனக்கும் என்னடா? பெட்டி நனஞ்சா தொரை நம்ம தோல உரிச்சுப்புடுவாரு!"

முன் வண்டி போய்விட்டது. கூட்டாளி திட்டிக்கொண்டே வெற்றிலை போட்டு மென்று துப்பிவிட்டு, இன்னொன்றும் போட்டார். நான் மேலேயே பார்த்துக்கொண்டு நின்றேன். கொஞ்சம் காற்று வந்தது. மூட்டம் துணியை இழுத்த மாதிரி விலகியது. பாறையில் கறுப்பாகக் கம்பளி கிடந்தது, மழையில் தெப்பமாக நனைந்து.

"மச்சான், என் வண்டியையும் கூட்டிக்கிட்டுப் போ. மூக்கணாங் கயித்த ஒன் வண்டிக்குப் பின்னால கட்டிவிடுறேன்."

"எதுக்குடா?"

"வீட்ல பசு வழும்பு போடுது. காளைக்குக் கொண்டு போவணும்."

"அது செனையா இருக்குன்னு போன மாசம் நீதானடா சொன்ன?"

நான் பாறையைப் பார்த்தேன். அவர் கம்பளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு வெற்றிலை எச்சில் தெறிக்கச் சிரித்தார்.

"போடா, போ. காளை தாமசமாப் போனா பசு ஒதைக்கும்."

தேயிலைச் செடிக்கு நடுவே குறுக்குப் பாதையில் ஏறினேன். கால் முழுக்க அட்டை. மழைக்காக மத்தியானத்தோடு வேலை நிறுத்திவிட்டார்கள். அவள் வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"மூட்டமா இருந்துச்சே. நீங்க போயிட்டீங்கன்னு நெனச்சேன்."

"வெலகுற வரைக்கும் நின்னேன்" என்றேன். அவள் என் காலில் அட்டைக்கு உப்பு வைத்தாள்.

பதினாலாவது முடிச்சு விழுந்த நாள் நான் வண்டி எடுக்கவில்லை. சிவப்பு வரவில்லை. பதினைந்தாவது நாளும் வரவில்லை. பதினெட்டில் அவள் கொழுந்துக் கூடையை இறக்கிவிட்டு வாந்தி எடுத்தாள். பித்தம் என்று கங்காணியிடம் சொல்லியிருக்கிறாள்.

அடுத்த நாள் சாயங்காலம் அக்கா எட்டிப் பார்த்தாள்.

"என்னடி, ரெண்டு மாசமாவுது, இன்னும் தூரமாகலையா? மறுபடியும் சேவல அறுத்துட்டு நிக்காதீங்கப்பா. ஒனக்குத்தான் கணக்கே கெடையாதே."

"ஆமாங்க மதினி, எனக்கு ஏது கணக்கு?" என்று சொல்லிவிட்டு என் பெண்சாதி ரொட்டியைத் திருப்பிப் போட்டாள்.

அவள் தலைக்கு மேலே கயிறு தொங்கியது. வெள்ளைக்குப் பிறகு பத்தொன்பது முடிச்சு. அது வரைக்கும் அந்தக் கயிற்றில் வெள்ளைக்குப் பிறகு அப்படி ஒரு நீளம் இருந்ததில்லை.

பெண் பிள்ளை பிறந்தது. தொப்புள்கொடியை அறுத்தது அக்காதான். பத்து நாள் கணக்கு கடைசியில் பலித்துவிட்டது என்று அவள் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். நாங்கள் இல்லை என்று சொல்லவில்லை.